மண்டபத்தில் போட்ட முட்டை

காளியம்மாள் அக்காவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஜேசிபி கதையைத்தான் சொல்வார்கள். குழாய் பதிக்க வந்த எந்திரத்துக்கு முன்னால் வரப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவள், தாசில்தாரையே "மொதல்ல செருப்பக் கழட்டிட்டு வயல்ல எறங்குங்க" என்று சொன்னவள், இப்படி. எல்லாம் நடந்ததுதான். ஆனால் அதே நாளில் நடந்த முட்டைக் கதையை ஒருத்தரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. அவரவர் இஷ்டத்துக்குக் கையும் காலும் வைத்துச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கூடவே இருந்தவள் நான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் அம்சம். அக்கா வீட்டுக்கு எதிர்வீடு. ரவிக்கை தைப்பது தொழில். மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். அக்காவின் அப்பா காயாரோகணம், ஒரு பண்ணையில் கூலி ஆளாக இருந்தவர். சின்னப் பிள்ளையாகக் களத்தில் நின்று பார்த்ததை அக்கா என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். விளைந்த நெல்லை மரக்காலில் அளந்து அளந்து பண்ணை வண்டியில் ஏற்றுவார்கள். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சும்மா நிற்பார். வண்டி போனதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த நடவுக்குக் கிளம்பிவிடுவார். பிறகு நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. பண்ணையின் உபரி நிலத்தை அரசாங்கம் எடுத்துப் பிரித்தபோது அவருக்கும் ஒரு துண்டு கிடைத்தது. பட்டா வாங்கிய கையோடு மனுஷன் நேராகக் கடைக்குப் போய் ஒரு புது மரக்கால் வாங்கி வந்தாராம். "இனிமே நம்ம நெல்ல நாமதான் அளக்கணும்" என்றாராம். அந்த நிலமும் அந்த மரக்காலும் ஒரே மகளான அக்காவுக்கு வந்தன.

கொண்டைச்சி வந்தது அக்காவின் மகள் மலர்கொடியால். மலர்கொடி சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே ஆசைப்பட்டு ஒரு காக்டெயில் வாங்கி வளர்த்தாள். காக்டெயில் என்றால் வெளிநாட்டுக் கிளிச் சாதி. தலையில் ஒரு கொண்டை எழுந்து எழுந்து படுக்கும். இது வெளிர்மஞ்சள் நிறம், இரண்டு கன்னத்திலும் ஆரஞ்சுப் பொட்டு. மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்தவள் போல இருக்கும். வீட்டு ஓனர் பறவை கூடாது என்று சொல்லிவிட, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள்.

"இங்கிலீஷ் பேரெல்லாம் என் வாயில நொழையாது" என்று அக்கா அன்றைக்கே கொண்டைச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். ஓர் ஆட்சியில் கொடுத்த இலவச டிவிக்கும் அடுத்த ஆட்சியில் கொடுத்த மிக்சிக்கும் நடுவில் கூண்டு வைத்தார்கள். கூண்டு சும்மா பேருக்குத்தான். கொண்டைச்சி நாள் முழுக்க அக்காவின் தோளில் இருந்தது. அக்கா முதுகைத் தடவிக்கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு கிறங்கும். அக்கா கொல்லைப்பக்கம் போனால்கூடக் கத்திக் கூப்பாடு போட்டுத் தெருவையே கூட்டிவிடும். அக்காவின் வீட்டுக்காரர் வீரையன் மாமா கையை நீட்டினால் மட்டும் நறுக்கென்று ஒரு கொத்து.

ஆவணியில் சம்பாவுக்கு நாற்று விட விதைநெல்லை ஊறப்போட்டு முளை கட்டினார்கள். மிஞ்சிய முளைநெல்லை அக்கா கொண்டைச்சிக்கு வைத்தாள். அடடா, அது தின்ற வேகத்தைப் பார்க்க வேண்டுமே! அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்கென்றே தினமும் ஒரு பிடி நெல்லை முளை கட்ட ஆரம்பித்தாள். மூலையில் சாய்ந்து கிடந்த அப்பாவின் மரக்காலுக்குள் அது நுழைந்து நுழைந்து பார்ப்பதைக் கண்டு, உள்ளே பழைய வேட்டித் துணியை மெத்தை மாதிரி போட்டுக் கொடுத்தாள். ஒரு வாரம் ஆகியிருக்கும். தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன், தெருவை இரண்டே எட்டில் தாண்டி ஓடி வருகிறாள்.

"அம்சம்! முட்டை! அம்சம், கொண்டைச்சி முட்டை போட்டுருக்காடி!"

உள்ளங்கையில் கட்டைவிரல் அளவுக்கு வெள்ளை வெளேரென்று ஒரு முட்டை. இன்னும் சூடு ஆறவில்லை. தெருவே கூடிவிட்டது. ஆண்துணை இல்லாமல் எப்படிப் போட்டது என்று டீக்கடை சாமிதுரை கேட்டார். "உங்க கடைக்கு வர்ற பிராய்லர் முட்டையெல்லாம் சேவலக் கேட்டுக்கிட்டா வருது?" என்றாள் அக்கா. எனக்கு அன்றைக்கு முழுக்க வேலையே ஓடவில்லை. தைத்த ரவிக்கைக்கு ஒரு கையை மாற்றி வைத்துவிட்டேன்.

இங்கேதான் தப்பு ஆரம்பித்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் செய்கிற தப்புதான். நாட்டுக்கோழி வளர்த்த கைகள் எங்கள் கைகள். கோழி முட்டையிட்டால் என்ன செய்வோம்? கூட்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுவோம். அப்போதுதான் கோழி அதே இடத்தில் தொடர்ந்து போடும். அடைக்கு உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றால் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி விடுவோம். அடை தெளிந்து மறுபடி முட்டைக்கு வரும். அக்கா இதில் ஒன்றைக்கூட விடவில்லை. தினமும் காலையில் மரக்காலுக்குள் கையை விட்டாள். எடுத்ததையெல்லாம் ஒரு நாட்டுக்கோழியின் அடியில் வைத்தாள். அந்தக் கோழியும் பாவம், பொறுப்பாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, எல்லாம் கூமுட்டை என்று தெரிந்ததும் எங்களை முறைத்துவிட்டு எழுந்து போனது. கொண்டைச்சி வெறும் துணியில் உட்கார்ந்து உர்ரென்றபோது அதைக் குளிப்பாட்டியும் பார்த்தாள். அது உதறிக்கொண்டு, கொண்டையை நிமிர்த்திக்கொண்டு, கொஞ்ச நாளில் மறுபடி போட ஆரம்பித்தது.

எடுக்க எடுக்கப் போட்டது. போடப் போட எடுத்தாள். புரட்டாசி முழுக்க எங்கள் தெருவில் இதே பேச்சு. "இன்னிக்கு உண்டா?" என்று கேட்டுக்கொண்டேதான் சாமிதுரை டீயே ஆற்றுவார். அக்காவும் "உண்டு உண்டு" என்று பேரன் பிறந்த மாதிரி சொல்வாள். ராசியான பறவை, நிலத்துக்கு நல்ல சகுனம் என்றெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டோம்.

ஐப்பசியில் முட்டை தோலாக வந்தது. ஓடு இல்லை, தொட்டால் அமுங்கியது. கொண்டைச்சியின் நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. அக்கா பேச்சைக் குறைத்துவிட்டாள். இன்னும் நிறைய முளைநெல் வைத்தாள், இன்னும் நிறையத் தடவிக் கொடுத்தாள். அது இன்னும் போட்டது.

கார்த்திகையில் ஒரு காலை, அக்கா கூண்டைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். கொண்டைச்சி கூண்டின் தரையில் பந்து மாதிரி உப்பிக்கொண்டு கிடந்தது. வால் மட்டும் மேலும் கீழும் அடித்தது. முக்குகிறது, முட்டை வரவில்லை. எத்தனை மாட்டுக்குப் பிரசவம் பார்த்தவள் அக்கா! அவளுக்கா தெரியாது அது என்ன என்று?

"உள்ளுக்குள்ளயே மாட்டிக்கிச்சு அம்சம். வா, பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போவோம். இப்பவே வா. செத்துப் போயிரும்டி" என்றாள். நான் அந்தக் குரலை அதுவரை கேட்டதில்லை.

கதவைக்கூடப் பூட்டாமல் கிளம்பினேன். பஸ் ஸ்டாப்புக்குப் போகவில்லை, அதற்குள் வீரையன் மாமா சைக்கிளில் தலைதெறிக்க வருகிறார். "காளி! நம்ம வயலுக்கு மெஷினு வந்துருச்சு! போலீசும் வந்துருக்கு!"

டெல்டா முழுக்க எரிவாயு, குழாய் என்று ஒரே போராட்டமாக இருந்த காலம் அது. எங்கள் ஊர் வழியாகக் குழாய் போகும் என்று கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோடு சரியாக அக்காவின் நிலத்தின் நடுவயிற்றில் போனது. அக்கா கையெழுத்துப் போடவில்லை. அறுவடை வரைக்கும் வரமாட்டோம் என்று சொன்னவர்கள், சம்பா கதிர் வெளியே வராமல் பொதியில் இருக்கும்போது வந்து நிற்கிறார்கள்.

அக்கா நடுரோட்டில் நின்றாள். ஒரு கையில் கூண்டு. இந்தப் பக்கம் பஸ் வருகிறது, அந்தப் பக்கம் வயல். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மெஷினை நானே கடித்துத் தின்றிருப்பேன். "நீங்க பஸ்ஸுல ஏறுங்கக்கா, நான் போயி உக்காருறேன்" என்றேன். "பட்டா என் பேருல இருக்கு. நான் இல்லன்னா ஆளே இல்லன்னு எழுதிக்குவான்" என்றாள். கூண்டை முந்தானையால் மூடி இடுப்பில் அணைத்துக்கொண்டு ஓடினாள்.

வயலில் நடந்ததைத்தான் ஊரே சொல்கிறதே. வரப்பில் உட்கார்ந்தோம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆதரவு தர அதிராம்பட்டினத்திலிருந்துகூட ஒரு வேனில் பெண்கள் வந்து இறங்கினார்கள். தாசில்தார் வந்தார், செருப்புப் பேச்சு நடந்தது. ஊர் சொல்லாமல் விடுவது ஒன்று. அக்கா மடியில் இருந்த கூண்டைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர், "என்னம்மா அது?" என்றார்.

"புள்ளத்தாச்சி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில உங்க மெஷினப் பாக்க வந்தேன்."

"அப்ப எந்திரிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா. ஒங்கள யாரும் புடிக்கல."

"நான் எந்திரிச்சதும் மெஷின எறக்குவீங்க. நான் போயிட்டு வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன்னு சொல்லுங்க, போறேன்."

அவர் தாசில்தாரைப் பார்த்தார். தாசில்தார் வானத்தைப் பார்த்தார். அரை மணியில் எங்களை எல்லாம் வேனில் ஏற்றிவிட்டார்கள், கொண்டைச்சி உட்பட.

எங்கள் பக்கத்தில் மறியல் செய்து கைதானால் ஜெயிலுக்கா கொண்டு போவார்கள்? கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்து, மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான். முந்தின நாள் கல்யாணத்து வாழைமரம்கூட வாசலில் இன்னும் வாடவில்லை. மணமக்கள் பெயர்ப்பலகைக்குக் கீழே அக்கா கூண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொண்டைச்சி வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. கொண்டை படுத்துவிட்டது.

"சாயங்காலம் வரைக்கும் தாங்காது" என்றாள் அக்கா. யாரிடமும் சொல்லவில்லை, கூண்டிடம் சொன்னாள்.

பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு யோசனை. ஒருத்தி வயிற்றை அமுக்கி விடலாம் என்றாள். இன்னொருத்தி இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்து, "ஓடு கெட்டியாவணும்னா சுண்ணாம்பு கொடுக்கணும். ஒரு துளி நாக்குல வச்சா..." என்று சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தேவிட்டாள்.

"அல்லாவே! அதக் கொண்டாந்து அது வாயில வச்சிராதீங்க, வெந்து போயிரும்!"

கத்திக்கொண்டே கூட்டத்தைப் பிளந்து வந்தவர் அதிராம்பட்டினம் வேனில் வந்த சைத்தூன் பீவி. மொட்டை மாடியில் லவ் பேர்ட்ஸும் காக்டெயிலும் ஆசைக்கு வளர்க்கிறவராம். கூண்டுக்குள் ஒரு பார்வை பார்த்தார். "அமுக்கினா உள்ளுக்குள்ள ஒடைஞ்சு உசுரு போயிரும். யாரும் தொடாதீங்க. சூடு வேணும், ஈரமான சூடு. சமயக்கட்டுல வெந்நீர் கெடைக்குமா? கால்சியம் வேணும். யாருகிட்டயாவது மாத்திரை இருக்கா?"

அடேயப்பா, அப்போது அந்த மண்டபம் கிளம்பியதைப் பார்க்க வேண்டுமே! நான் சமையல்கட்டுக்கு ஓடினேன். பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த சமையல்காரர் என்ன ஏது என்று கேட்பதற்குள் அடுப்பில் தண்ணீரை ஏற்றிவிட்டேன். அந்தப் பக்கம் மாத்திரை வேட்டை. முட்டிவலிக்காரிகள் எல்லோரும் பையை உதறினார்கள், தலைவலி மாத்திரைதான் விழுந்தது. அப்போது வாசலில் நாற்காலி போட்டு எங்களுக்குக் காவல் இருந்த போலீஸ்காரப் பெண் எழுந்து வந்தாள். அவளுக்கு ஏழு மாசமோ எட்டு மாசமோ, நிறைவயிறு. அதனால்தான் வயலுக்கு அனுப்பாமல் மண்டபத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

"எனக்கு ஆஸ்பத்திரில கொடுத்ததும்மா. கால்சியம்தான். இது ஆவுமா?"

"ஆவும் தங்கச்சி, ஆவும்!" என்று பீவி அதை வாங்கி, ஒரு துணுக்கை உடைத்து நுணுக்கித் தண்ணீரில் கரைத்து, அலகு ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டார். வெந்நீர் அண்டாவுக்குப் பக்கத்தில் கூண்டை வைத்து, அக்காவின் முந்தானையும் என் துப்பட்டாவும் சேர்த்துக் கூடாரம் போட்டோம். உள்ளே ஆவி இதமாகச் சுற்றியது. அந்தப் போலீஸ்காரப் பெண் ஒரு கையைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு, எங்களோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வந்துருமாக்கா?" என்று பீவியைக் கேட்டாள். அவள் எதைக் கேட்கிறாள் என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. "வந்துரும்மா, பயப்படாத" என்று பத்துக் குரல் பதில் சொன்னது.

காத்திருக்கும்போது பீவி விசாரித்தார். என்ன தீனி? முளைநெல். எங்கே படுக்கை? மரக்காலுக்குள். தடவிக் கொடுப்பீர்களா? பின்னே, தடவாமல்?

"எங்க தடவுவீங்க?"

"முதுகுலதான்."

பீவி முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். "முளைநெல்லு கொடுத்து, இருட்டு வீடு கொடுத்து, முதுகையும் தடவினா அது என்னதான் நெனைக்கும்? உங்களத்தான் புருசன்னு நெனைச்சிருக்கு!"

மண்டபமே சிரித்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து வீரையன் மாமா, "அதான் என்னக் கண்டா கொத்துதா!" என்றார் பாருங்கள், பதற்றத்திலும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கூடாரத்தின் இடுக்கில் ஒரு கண்ணை வைத்தபடியே இருந்தாள்.

சாப்பாட்டுப் பொட்டலம் வந்து ஆறிக்கொண்டிருந்தது. யாரும் பிரிக்கவில்லை. திடீரென்று அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"வருதுடி."

ஒரு முக்கல். இன்னொன்று. கொண்டைச்சி கால்களை அகட்டி, கொண்டையை அப்படியே நிமிர்த்தி... பொத்தென்று வந்து விழுந்தது முட்டை! அப்போது எழுந்த கூச்சலில் மண்டபத்து ஓடு பறந்திருக்க வேண்டும். ஆண்கள் விசிலடித்தார்கள். போலீஸ்காரப் பெண் அழுதுகொண்டே பீவியைக் கட்டிக்கொண்டாள். கலவரம் வெடித்துவிட்டது என்று நினைத்து இன்ஸ்பெக்டர் லத்தியோடு ஓடி வந்தார். "முட்டை சார்!" என்று ஐம்பது பேர் ஒரே நேரத்தில் சொன்னால் அந்த மனுஷன் என்னதான் செய்வார்? எட்டிப் பார்த்துவிட்டு, "சரி சரி, சாப்புடுங்க" என்று போய்விட்டார்.

அந்தக் கூச்சலில் அக்காவின் கை பழக்கத்தில் கூண்டுக்குள் போனது, முட்டையை எடுக்க. பீவி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்காதீங்கக்கா. நீங்க எடுக்குறதாலதான் அது போடுது. கூட்டுல கொறையுதேன்னு பாக்கும், எலும்புல இருக்குற சுண்ணாம்பக் கரைச்சுக்கூட இன்னொண்ணு போடும். எடுத்துக்கிட்டே இருந்தீங்கன்னா போட்டே செத்துப் போயிரும். வுட்டுருங்க. உக்காந்து பாக்கட்டும். பொரியலன்னு தெரிஞ்சா அதுவா எந்திரிச்சிரும்."

அக்கா கையை வெளியே எடுத்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கப்பன் மரக்கால்டி அது" என்றாள் என்னிடம். "காலையில எந்திரிச்சா மொத வேலையா அதுக்குள்ள கைய வுட்டு எடுத்துக்கிட்டுப் போயிருக்கேன். எங்கப்பன் வாயத் தொறக்காம மறுபடி மறுபடி நட்ட மாதிரி இவளும்... பண்ணைக்காரன் வேலையப் பாத்துருக்கேன் அம்சம், இந்தச் சின்ன உசுருகிட்ட."

ஒரு பொட்டலத்தைப் பிரித்து அவளுக்கு ஒரு வாய் ஊட்டினேன்.

சாயங்காலம் விட்டார்கள். வெளியே வந்தால் வீரையன் மாமாவின் போனில் ஊரிலிருந்து சேதி. எங்களை ஏற்றிக்கொண்டு போனதும் மெஷினை வயலில் இறக்கியிருக்கிறார்கள். கார்த்திகைச் சேற்றில் எங்கள் களிமண் அதை இடுப்பு வரைக்கும் உள்ளே இழுத்துக்கொண்டதாம். மூலைப் பயிர் கொஞ்சம் போனதோடு சரி. அதைத் தூக்க இன்னொரு மெஷின் வந்து, இரண்டும் சேர்ந்து திரும்பிப் போயின. ஸ்டே வாங்குவது, வழக்குப் போடுவது எல்லாம் அதற்குப் பிறகு. அது இன்னும் நடக்கிறது.

பீவி சொன்னபடி எல்லாம் மாறியது. முளைநெல் நின்றது. பீவி தன் ஊர்க் கடற்கரையில் சும்மா கிடக்கும் கணவாய் மீன் ஓட்டைப் பை நிறைய அனுப்பினார்; கொண்டைச்சி அதைச் சுரண்டிச் சுரண்டித் தின்றது. மண்டபத்து முட்டையை அக்கா மரக்காலுக்குள் வைத்தாள். கொண்டைச்சி பக்கத்தில் இன்னும் இரண்டு போட்டது. அதோடு நிறுத்திக்கொண்டு அடைக்கு உட்கார்ந்தது.

அக்கா பட்ட பாட்டை நான் பார்த்தேன். மரக்காலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு போவாள், கை தன்னை அறியாமல் நீண்டுவிடும் என்று. தோளில் பறவை இல்லாமல் அவளைப் பார்க்க எனக்கே என்னவோ போல இருந்தது. "கூமுட்டைன்னு தெரிஞ்சும் எதுக்குக்கா? ஒரு நாளு எடுத்துப் போட்டா என்ன?" என்று பொறுக்காமல் கேட்டேன். "அவ முட்டை. அவ சொல்லட்டும்" என்றாள்.

மார்கழி கடைசியில், கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்த ஒரு காலை. அந்தப் போலீஸ்காரப் பெண் போன் செய்து, பெண் குழந்தை, சுகப்பிரசவம், கொண்டைச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். இதைச் சொல்ல எதிர்வீட்டுக்கு ஓடினேன். அக்கா நடுவீட்டில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். கை இரண்டும் முந்தானைக்குள். தோளில் கொண்டைச்சி, கொண்டையை விரித்துக்கொண்டு அவள் காதோரத்து முடியைக் கோதிக்கொண்டிருந்தது. மரக்காலுக்குள் மூன்று முட்டையும் அப்படியே இருந்தன.

மறியலில் தரதரவென்று இழுத்தபோதுகூடக் கலங்காதவள், முகமெல்லாம் கண்ணீராக நின்றாள்.

"எந்திரிச்சு வந்துட்டா அம்சம். நான் எடுக்கலடி. அவளா எந்திரிச்சு வந்துட்டா."